பஞ்சதந்திர நீர்க்கதைகளும் வடசென்னைக் கடற்கரைக் குழந்தைகளும்: மறுகூறல் குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பஞ்சதந்திரத்தில் நீர்வாழ் உயிரினங்கள் இடம்பெறும் கதைகள் தமிழ்ச் சிறார்க்குத் தொடர்ந்து மறுகூறப்பட்டு வருகின்றன. இக்கதைகளைக் கடற்கரைக் குழந்தைகளுக்குக் கூறும்போது குளத்து மீனைக் கடல்மீனாக்கினால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய வடசென்னைப் பகுதிகளின் வாழ்சூழலை முன்வைத்து, இவ்வெண்ணம் போதாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது. நான்கு கதைகளின் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு, பகைவர் யார், ஆபத்து மெய்யா பொய்யா, மீட்பு எங்கிருந்து வருகின்றது என்னும் மூன்று வினாக்களே மறுகூறலின் தரத்தைத் தீர்மானிக்கின்றன என்ற முடிவுக்கு இக்கட்டுரை வருகின்றது.

திறவுச்சொற்கள்: பஞ்சதந்திரம், சாதகக் கதைகள், மறுகூறல், சிறார் இலக்கியம், நெய்தல், எண்ணூர் கழிமுகம், பாடவேறுபாடு.

முன்னுரை

கதை ஊர்விட்டு ஊர் செல்லும்போது உயிரினங்கள் மாறுகின்றன, மரங்கள் மாறுகின்றன, பெயர்களும் மாறுகின்றன. இம்மாற்றங்களைக் கதைசொல்லியின் உரிமை என்று நாட்டார் வழக்காற்றியல் ஏற்றுக்கொள்கின்றது. ஆனால், கேட்போர் மாறும்போது கதையின் பொருளே தலைகீழாகிவிடும் இடங்களும் உண்டு. குளக்கரைச் சிற்றூரில் அறிவுரையாக ஒலிக்கும் ஒரு கதை, மீன்பிடித்து வாழும் குடும்பத்துக் குழந்தையின் காதில் வேறொன்றாக ஒலிக்கக்கூடும். ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தைக்கு இவ்வேறுபாட்டை எடுத்துச் சொல்லும் மொழி இல்லை. ஆகவே அதனைக் கண்டுணரும் பொறுப்பு எழுதுவோரையும் ஆசிரியரையும் சார்ந்தது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடைமுறையில் உள்ள ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடக்க வகுப்புகளில் கதை, பாடல், செயல்பாடு ஆகியவற்றுக்கு இடம் தந்துள்ளது. கதை வகுப்பறைக்குள் முறையாக நுழைந்துவிட்ட இக்காலத்தில், எந்தக் கதை எந்தக் குழந்தையிடம் என்ன செய்கின்றது என்ற வினா கல்வியியல் வினாவாக மட்டுமின்றி இலக்கியத் திறனாய்வு வினாவாகவும் ஆகின்றது. இக்கட்டுரை பஞ்சதந்திரத்தின் நீர்க்கதைகளுள் நான்கினை மட்டும் எடுத்துக்கொள்கின்றது.

தமிழில் பஞ்சதந்திரம்: கேட்போர் யார்?

பஞ்சதந்திரத்தின் முகவுரைக் கதையில் விஷ்ணுசர்மன் என்னும் முதியவர், தென்னாட்டு மன்னன் அமரசக்தியின் மூன்று மக்களுக்கு அரசியல் அறிவு புகட்டுகின்றார். அரசாளப் போகும் இளைஞரே முதற் கேட்போர். தமிழ் உரைநடையில் இந்நூலை நிலைபெறச் செய்தவர் தாண்டவராய முதலியார். சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் தமிழ்த் தலைமைப் புலவராக இருந்த அவர், மராட்டியிலிருந்து மொழிபெயர்த்த பஞ்சதந்திரம் 1826இல் வெளிவந்தது. அக்கல்லூரி கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அலுவலர்க்கு நாட்டு மொழிகளைக் கற்பிக்க 1812இல் தோற்றுவிக்கப்பட்டதாகும். அங்கும் கேட்போர் ஆளப் போகின்றவரே.

இவ்விரு நிலைகளையும் நினைவில் கொள்வது தேவை. ஆள்வோர்க்குச் சொல்லப்பட்ட கதைகள் காலப்போக்கில் ஆளப்படுவோரின் குழந்தைகளுக்கும் உரியவாயின. முதல் நிலையில் தந்திரம் கற்பிக்கும் கதையாக இருந்தது, இரண்டாம் நிலையில் ஏமாறாதிருக்கக் கற்பிக்கும் கதையாக மாறவேண்டியிருந்தது. பெரும்பாலான சிறார் பதிப்புகள் இறுதியில் ஒரு நீதி வரியைச் சேர்ப்பதன் மூலம் இம்மாற்றத்தை நிறைவேற்றிவிட்டதாகக் கருதுகின்றன. கதையின் உள்ளமைப்பு பழைய கேட்போரை நோக்கியே நிற்கின்றது.

கடல் ஆறான கதை

நான்காம் தந்திரத்தின் முதன்மைக் கதை குரங்கும் முதலையும் பற்றியது. தமிழ்க் குழந்தைகள் அறிந்த வடிவில் ஆற்றங்கரையில் நாவல் மரம் நிற்கின்றது. ஆற்றில் முதலை வாழ்கின்றது. சாதகத் தொகுப்பிலும் (சும்சுமார சாதகம், எண் 208) இக்கதை கங்கையாற்றில் நிகழ்கின்றது. எனினும் வடமொழிப் பஞ்சதந்திரத்தில் நாவல் மரம் நிற்பது கடற்கரையில். குரங்கின் நண்பன் மகரம் என்னும் கடல்விலங்கு. எட்டாம் நூற்றாண்டில் இப்னு அல்-முகஃபா அரபியில் ஆக்கிய ‘கலீலா வ திம்னா’வில் அது ஆமையாகின்றது.

ஆகவே கடற்கரைக் குழந்தைக்காக இக்கதையைக் கடலுக்குக் கொண்டுசெல்வது புதுமை அன்று. அது பழைய இடத்துக்குத் திருப்புவதாகும். உள்நாட்டு வாசகரை நோக்கிய மறுகூறல்கள் கடலை ஆறாக்கின. அவ்வாறே மறுகூறுவோர் அதனை மீண்டும் கடலாக்கலாம். சென்னைக் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமையை இக்கதையின் மாந்தராகக் கொண்டால், அரபு வடிவத்தின் ஆதரவும் கிடைக்கின்றது; குழந்தை கண்ணால் கண்ட உயிரும் கிடைக்கின்றது.

ஆனால் இங்கும் ஒரு தடை உண்டு. ஆமையை நண்பனைக் கொல்லத் துணியும் வஞ்சகனாக்கலாமா? முதலையை அஞ்சும் குழந்தை அதன் வஞ்சகத்தை எளிதில் ஏற்கும். இறந்து கரையொதுங்கும் ஆமைகளைப் பார்த்த குழந்தையிடம் அதே வேடத்தை ஆமைக்குத் தருவது, கதைக்கு வெளியே இருக்கும் இரக்கத்தோடு மோதுகின்றது. உயிரினத்தை மாற்றும்போது அதனைச் சுற்றியுள்ள உணர்வும் சேர்ந்தே வருகின்றது என்பதற்கு இது முதற் சான்று.

வலைஞர் என்னும் பகைவர்

மூன்று மீன்களின் கதை பஞ்சதந்திரத்தின் முதல் தந்திரத்தில் உள்ளது. மகாபாரதத்தின் சாந்தி பருவத்திலும் காணப்படுகின்றது. வருமுன் காக்கும் அநாகதவிதாதா, வந்தபோது வழிகாணும் பிரத்யுத்பன்னமதி, வருவது வரட்டும் என்றிருக்கும் யத்பவிஷ்யன் ஆகிய மூன்று மீன்கள் ஒரு நீர்நிலையில் வாழ்கின்றன. நாளை வலைவீசுவோம் என்று மீன்பிடிப்போர் பேசிக்கொள்வது காதில் விழுகின்றது. முதல் மீன் வெளியேறுகின்றது, இரண்டாவது செத்ததுபோல் நடித்துத் தப்புகின்றது, மூன்றாவது மாள்கின்றது.

இக்கதையின் நீதி எவருக்கும் பொதுவானது. கதையின் பகைவர் மட்டும் எவருக்கும் பொதுவானவர் அல்லர். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைச் சார்ந்து வாழும் குடும்பத்துக் குழந்தைக்குக் கதையில் வரும் கொலைகாரர் தன் தந்தையே. செம்படவன், வலைஞன் என்று ஒருமையில் சுட்டும் பழைய கதைமொழி இவ்வுறுத்தலை மேலும் கூட்டுகின்றது. வகுப்பறையில் மற்றக் குழந்தைகள் மீனுக்காக அஞ்சும்போது, இக்குழந்தை யாருக்காக அஞ்ச வேண்டும் என்பதற்குக் கதை விடை தருவதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். குழந்தை கதையில் மீனோடு ஒன்றுகின்றது. பகைவரைத் தொழிலால் அடையாளம் காண்பதில்லை. வேடன் வரும் கதைகளையும் விறகுவெட்டி வரும் கதைகளையும் இவ்வாறு ஆராயத் தொடங்கினால் கதையே மிஞ்சாது என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. எனினும் வேடனைப் பெரும்பாலான குழந்தைகள் கதையில் மட்டுமே காண்கின்றனர். மீன்பிடிப்பவரை வடசென்னைக் குழந்தை நாள்தோறும் விடியலில் கரைசேரும் படகில் காண்கின்றது. ஒரு தொழிற்பெயர் கதைப் பாத்திரமாக மட்டும் இருக்கும் இடத்துக்கும் வீட்டு உறவாக இருக்கும் இடத்துக்கும் வேறுபாடு உண்டு.

மீன்பிடிப்பவர் வில்லனாகாத கதையமைப்பு உலகில் இல்லாமல் இல்லை. கிரிம் சகோதரர் 1812இல் வெளியிட்ட தொகுப்பில் மீனவரும் அவர் மனைவியும் பற்றிய கதை உள்ளது. பிடித்த மீன் பேசுகின்றது. மீனவர் அதனை விட்டுவிடுகின்றார். மனைவியின் ஆசைகள் பெருகப் பெருகக் கடலின் நிறம் மாறிக்கொண்டே போகின்றது. நீரின் நிறமாற்றத்தைக் கொண்டு கதையின் படிநிலைகளைக் காட்டும் இவ்வுத்தி, படிக்கத் தெரியாத குழந்தைக்கும் விளங்கும். ஆயினும் இக்கதையை அப்படியே எடுத்தாள்வதும் இயலாது. குற்றம் முழுவதும் மனைவியின் பேராசை மீது சுமத்தப்படுகின்றது. மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் நிறைந்த கரையில், ஒரு பழியை இறக்கி மற்றொரு பழியை ஏற்றுவதாகவே அது முடியும்.

மூன்று மீன்கள் கதைக்குத் தீர்வு மீனவரை நீக்குவதில் இல்லை. அவரது அறிவையும் கதைக்குள் சேர்ப்பதில் உள்ளது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன் பெருகுவதற்கு இடம்விடும் காலம் இது என்பது துறைமுகத்துக் குழந்தைக்கும் தெரியும். காலம் அறிந்து செயற்படும் முதல் மீனின் பண்பும், காலம் அறிந்து வலையை மடித்துவைக்கும் மீனவரின் பண்பும் ஒன்றே என்று காட்டக்கூடிய மறுகூறல், கதையின் நீதியைக் கைவிடாமலே பகையை மாற்றியமைக்கும்.

கொக்கின் பொய்

இந்நான்கு கதைகளுள் எண்ணூருக்கு மிக அணுக்கமானது கொக்கும் நண்டும் கதையாகும். முதுமையால் மீன்பிடிக்க இயலாத கொக்கு, மீன்களுக்கு ஆபத்து வருகிறதென்று கூறி, வேறு நீர்நிலைக்குத் தூக்கிச்செல்வதாக ஏமாற்றி ஒவ்வொன்றாய்த் தின்கின்றது. இறுதியில் நண்டு அதன் கழுத்தை நெரிக்கின்றது. எல்லாப் பாடங்களுக்கும் இது பொது. கொக்கு அறிவிக்கும் ஆபத்து எது என்பதில்தான் பாடங்கள் பிரிகின்றன.

பூர்ணபத்திரரின் பாடத்தில் (1199) பன்னிரண்டு ஆண்டு வறட்சி வரப்போகிறது என்று கொக்கு கூறுகின்றது. இதோபதேசத்திலும் கலீலா வ திம்னாவிலும் மீன்பிடிப்போர் வரப்போகின்றனர் என்கின்றது. பதினேழாம் நூற்றாண்டில் லா ஃபோந்தேன் பிரெஞ்சில் எழுதிய வடிவில் நீர்க்காகம் இரண்டாம் வகைப் பொய்யையே கூறுகின்றது. அங்கே பழிவாங்கும் நண்டு இல்லை. பக சாதகத்தில் (எண் 38) நிலைமை வேறு. கோடையில் குளத்து நீர் உண்மையாகவே வற்றிப்போயிருக்கின்றது. கொக்கு சொல்லும் தாமரைக் குளமும் உண்மையாகவே இருக்கின்றது. மீன்கள் தங்களுள் ஒன்றை அனுப்பிப் பார்த்துவரச் செய்கின்றன. அது பார்த்துத் திரும்பி வந்து உண்மையையே சொல்கின்றது. அதன் பின்னரே மற்றவை கொக்கின் அலகில் ஏறுகின்றன.

இப்பாடங்களைக் கீழ்வருமாறு பகுக்கலாம். கொக்கின் கூற்றில் மூன்று உறுப்புகள் உள்ளன: ஆபத்து, புகலிடம், சுமந்துசெல்லும் நோக்கம். வறட்சிப் பாடத்திலும் மீன்பிடிப்போர் பாடத்திலும் ஆபத்தே கொக்கின் கற்பனை. சாதகப் பாடத்தில் ஆபத்தும் மெய், புகலிடமும் மெய், நோக்கம் மட்டுமே பொய்.

எண்ணூர் கழிமுகத்தின் நிலையை இதனருகில் வைத்துக் காண வேண்டும். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கூடிக் கடலோடு கலக்கும் இப்பகுதி இறால், நண்டு, மடவை முதலியவற்றின் வளமான இடமாக விளங்கியது. அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து ஆழத்தைக் குறைத்துள்ளது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கசிந்து கரையெங்கும் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் புகுந்து, படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி வேர்களிலும் படிந்தது. இக்கரைக் குழந்தைக்கு நீர் கெடுவது ஊகமன்று; கண்கூடு.

இச்சூழலில் வறட்சிப் பாடத்தைக் கூறினால் கதையின் பொருள் என்னவாகும்? நீருக்கு ஆபத்து என்று சொல்பவன் பொய்யன் என்பதே குழந்தை பெறும் செய்தியாகும். மீன்பிடிப்போர் பாடத்தைக் கூறினால், மீனவர் மீண்டும் அச்சத்தின் பெயராகின்றார். நன்கறியப்பட்ட இரு பாடங்களும் எண்ணூரில் தவறாகவே ஒலிக்கின்றன. சாதகப் பாடம் மட்டுமே அங்குப் பொருந்துகின்றது. நீர் கெட்டது உண்மை. வேறு இடம் இருப்பதும் உண்மை. எனினும் தூக்கிச்செல்ல வருபவரின் நோக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்த வேண்டும் என்பதை அது கூறுகின்றது. பார்த்துவரச் சென்ற மீன் பொய் சொல்லவில்லை. அதற்குக் காட்டப்பட்டதை மட்டுமே அது கண்டது. காட்டப்பட்டதும் நடக்கப்போவதும் ஒன்றல்ல என்ற நுட்பமான செய்தியை ஆறு வயதுக் குழந்தையும் கதையாகப் புரிந்துகொள்ளும்.

முடிவிலும் பாடங்கள் வேறுபடுகின்றன. சாதகத்தில் நண்டு கொக்கைக் கொன்றுவிட்டுப் புதிய குளத்துக்குள் இறங்கிவிடுகின்றது. பஞ்சதந்திரத்தில் நண்டு பழைய குளத்துக்கே திரும்பி, எஞ்சிய மீன்களுக்கு நடந்ததைச் சொல்கின்றது. முன்னது தனியொருவரின் தப்பித்தல். பின்னது சமூகத்துக்குச் செய்தி கொண்டுவருதல். சாதகத்தின் தொடக்கத்தையும் பஞ்சதந்திரத்தின் முடிவையும் இணைக்கும் மறுகூறல் எண்ணூர்க் குழந்தைக்கு மிகப் பொருத்தமானதாக அமையும் என்பது இக்கட்டுரையின் கருத்து. இணைத்தபின் ஒரு சிக்கல் எஞ்சும்: நண்டு திரும்பிவந்த குளத்தில் நீர் இன்னும் வற்றிக்கொண்டுதான் இருக்கின்றது. அதனை உடனடி மழையால் தீர்த்துவைப்பது குழந்தையிடம் பொய் சொல்வதாகும். ‘இனி என்ன செய்யலாம்?’ என்று மீன்கள் கூடிப் பேசுமிடத்தில் கதையை நிறுத்துவதே நேர்மை.

கடல் கொண்ட முட்டை

முதல் தந்திரத்தில் வரும் சிட்டிபப் பறவைகளின் கதை வெளிப்படையாகக் கடற்கரைக் கதையாகும். கரையில் முட்டையிட்ட இணையின் பெருமிதப் பேச்சைக் கேட்ட கடல், அவற்றைச் சோதிக்க முட்டைகளைக் கொண்டுபோகின்றது. பறவைகள் ஒன்றுகூடிக் கருடனிடமும், கருடன் வழியாகத் திருமாலிடமும் முறையிடுகின்றன. தெய்வத்தின் சினத்துக்கு அஞ்சிக் கடல் முட்டைகளைத் திருப்பித் தருகின்றது.

இராயபுரம் முதல் எண்ணூர் வரையான கரையில் கடலரிப்பால் மணலையும் வீடுகளையும் இழந்த குடியிருப்புகள் உள்ளன. இதன் காரணம் கடலின் செருக்கன்று. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்துவிட்டன. அதனால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே கரை கரைந்தது. இன்று தூண்டில் வளைவுகளும் கற்குவியல்களும் அக்கரையைக் காக்க நிற்கின்றன. கடலைத் தாயென வழங்கும் மக்களிடம், கடல் வேண்டுமென்றே பறிக்கிறது என்ற கதை இரு வகையில் தவறாகின்றது: உண்மைக்கும் மாறு, உணர்வுக்கும் மாறு.

எனினும் இக்கதையில் கைவிடக் கூடாத உறுப்பு ஒன்று உண்டு. சிறிய பறவை தனித்து நிற்கவில்லை, எல்லாப் பறவைகளையும் கூட்டுகின்றது, மேலிடத்தில் முறையிடுகின்றது, இழந்ததைக் கேட்டுப் பெறுகின்றது. மறுகூறுவோர் இவ்வமைப்பை வைத்துக்கொண்டு, குற்றவாளியைத் தேடும் பயணமாகக் கதையை மாற்றலாம். பறவை கடலைக் கேட்கின்றது. கடல், தன்னிடம் மணல் வரவில்லை என்கின்றது. மணலை ஓட்டிவரும் நீரோட்டத்தைக் கேட்கின்றது. அது சுவரைக் காட்டுகின்றது. ஒன்றை ஒன்று தொடரும் இத்தகைய வினாச் சங்கிலி, சிறு குழந்தைகள் விரும்பும் தொடர்கதை வடிவத்துக்கு இயல்பாகவே பொருந்துகின்றது.

நெய்தல் மரபு தரும் துணை

இம்மாற்றங்களுக்கு வேண்டிய மனநிலை தமிழ் மரபிலேயே உள்ளது. ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருதத்தில் நண்டைப் பற்றிக் ‘கள்வன் பத்து’ அமைந்துள்ளது; அம்மூவனார் பாடிய நெய்தலில் ‘வெள்ளாங்குருகுப் பத்து’ அமைந்துள்ளது. வெள்ளாங்குருகின் பிள்ளையைக் காணச் சென்ற நாரை என்னும் காட்சி அப்பத்தில் மீண்டும் மீண்டும் வருகின்றது. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலர், நீரில் ஆரலை நோக்கி நிற்கும் குருகினைக் களவு மணத்தின் ஒரே சாட்சியாக நிறுத்துகின்றார்.

நீதிக்கதையில் கொக்கு ஒரே பண்பின் உருவம். திணை மரபில் குருகு இரை தேடும் பறவையாகவும் சுற்றமாகவும் சாட்சியாகவும் நிற்கின்றது. பசிக்காக மீனைப் பார்ப்பதும் மனித நிகழ்வுக்குச் சாட்சியாவதும் அங்கு முரண்படவில்லை. கழிமுகத்தில் நாள்தோறும் கொக்கைக் காணும் குழந்தைக்கு, எல்லாக் கொக்கும் வஞ்சகம் என்னும் பொதுமைப்பாட்டை விட இவ்விரிந்த பார்வை நன்மை தரும். ஏமாற்றும் கொக்கு ஒன்று இருக்கும் கதையில், நடந்ததைப் பார்த்துச் சொல்லும் மற்றொரு குருகுக்கும் இடம் தரலாம். சாதகத்தில் குளக்கரை மரத்தில் வாழும் தேவதை இந்தச் சாட்சிப் பணியைச் செய்கின்றது என்பது ஒப்புநோக்கத்தக்கது.

விழிப்புணர்வுக் கதை என்னும் இடர்

மேற்கூறியவற்றை எடுத்துக்கொண்டு கதையைச் சூழலியல் அறிவிப்பாக மாற்றிவிடும் இடர் உண்டு என்பதையும் சுட்ட வேண்டும். ஆலையின் பெயரும் மாசின் அளவும் கதைக்குள் வந்தால் அது ஐந்து வயதுக் குழந்தைக்குரிய கதையாக நில்லாது. ஆண்டர்சனின் கடற்கன்னிக் கதை (1837) துயரத்தைத் தணிக்காமல் கூறியும் உலகெங்கும் சிறாரிடம் நிலைத்தது. அதன் வலிமை விளக்கத்தில் இல்லை, நிகழ்வில் உள்ளது. கொக்கின் கதையிலும் எலும்புக் குவியலை நண்டு காணும் கணமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றது. அக்கணத்தை மென்மையாக்குவதும் வேண்டாம். அதன்பின் உரை எழுதுவதும் வேண்டாம். இக்கட்டுரை கோருவது புதிய செய்திகளைச் சேர்ப்பதை அன்று. இருக்கும் பாடங்களுள் சரியானதைத் தெரிந்தெடுப்பதையே.

முடிவுரை

பஞ்சதந்திர நீர்க்கதைகளின் பாட ஒப்பீட்டிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, கடற்கரைக் குழந்தைக்காகக் கதையைக் கடலுக்கு மாற்றுவது மரபு மீறல் அன்று. மூலப் பாடங்கள் சிலவற்றில் கடலே களமாக உள்ளது. இரண்டாவதாக, உயிரினப் பெயரை மாற்றுவது மட்டும் மறுகூறலாகாது; பகைவர் யார் என்பதைக் கேட்போரின் வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. மூன்றாவதாக, ஆபத்து உண்மையாகவே நிலவும் இடத்தில், ஆபத்தைப் பொய்யாக்கும் பாடத்தைத் தவிர்த்து, நோக்கத்தைப் பொய்யாக்கும் சாதகப் பாடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். நான்காவதாக, மீட்பு தெய்வத்திடமிருந்தோ மழையிடமிருந்தோ வந்து முடிவதை விட, திரும்பிவந்து சொல்லும் நண்டிடமும் கூடிக் கேட்கும் பறவைகளிடமும் தொடங்குவது இக்கதைகளின் உள்ளமைப்புக்கே இயைந்தது.

அரசகுமாரர்க்கும் கம்பெனி அலுவலர்க்கும் தந்திரம் கற்பித்த நூல், கழிமுகத்துக் குழந்தையிடம் வரும்போது வேறொரு கல்வியைத் தரக் கடமைப்பட்டுள்ளது. அக்கல்விக்கு வேண்டிய பாடவேறுபாடுகள் பழைய நூல்களிலேயே கிடைக்கின்றன. அவற்றைத் தேடித் தொகுத்து, எழுதுவோர்க்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கும் எட்டச் செய்வது தமிழாய்வாளர் முன்னுள்ள பணியாகும்.